அத்தானின் செய்முறை வகுப்பு

அரையாண்டு விடுமுறை விட்டதும் ராஜபாளையத்தில் எங்கள் வீட்டு வாசலில் சென்னைக் கார் ஒன்று வந்து நிற்கும். அதிலிருந்து முதலில் இறங்குவது அளவுநாடா. அடுத்து பூதக்கண்ணாடி, திசைகாட்டி, லேமினேட் செய்த வினாத்தாள் கட்டு. பிறகுதான் அக்காவும் இரண்டு பிள்ளைகளும்.

அத்தானுக்குச் சுற்றுலா என்ற சொல்லே பிடிக்காது. "அனுபவக் கல்வி மாப்ளே" என்பார். பையன் தாகம் என்றால் நீர்ச்சுழற்சியை விளக்கிவிட்டுத்தான் பாட்டிலைத் திறப்பார். ராஜபாளையம் நாய் காட்டுகிறேன் என்று தெருவில் இறங்கினார். வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு என்று அடையாளம் சொல்லிக்கொடுத்தபடி டீக்கடை வாசலில் நிறுத்தினார். அங்கே படுத்திருந்தது செவலை. மூக்கும் கறுப்பு. "விதிவிலக்கு" என்று எழுதிக்கொள்ளச் சொன்னார்.

இவரைப் போன்றவர்கள் இப்போது ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். அடையாளம் சுலபம்: எந்த இடத்துக்குப் போனாலும் இடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பிள்ளைகளைப் பார்த்து நிற்பார்கள். செண்பகத்தோப்பில் சாம்பல் நிற அணில் அப்படித்தான் தப்பியது. 1988இல் அதற்காகவே சரணாலயம் அமைத்திருக்கிறார்கள் என்று அத்தான் குறிப்பு சொல்லிக்கொண்டிருந்தபோது, அவர் தலைக்கு மேல் கிளைவிட்டுக் கிளை தாவிப் போய்விட்டது.

அன்று மாலை ஸ்ரீவில்லிபுத்தூர். கோபுரத்தின் நிழலை வைத்து உயரம் காண வேண்டும். கிரேக்கத்துத் தேல்ஸ் பிரமிடை அளந்ததாகச் சொல்வார்களே, அந்த முறை. தெருவில் ஒரு குச்சியை நட்டு, நாடாவின் ஒரு முனையைப் பையனிடம் கொடுத்து, சைக்கிள்களை எல்லாம் நிறுத்தி அளந்தார். விடை 150 அடி. அடித்தளத்தின் பாதி அகலத்தை நிழலோடு கூட்ட மறந்துவிட்டார். பூ கட்டிக்கொண்டிருந்த அம்மா நிமிராமலே சொன்னார்: "192 அடி சார். பதினோரு நிலை. என்னைக் கேட்டிருந்தா அப்பவே சொல்லியிருப்பேன்ல."

பால்கோவாக் கடையில் இன்னும் கொடுமை. பொட்டலம் பிரிக்க மூன்று கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். புவிசார் குறியீடு கிடைத்த ஆண்டு 2019 என்று மூத்தவள் சொல்லிவிட்டாள். இளையவன் இரண்டாம் கேள்வியிலேயே அழுதுவிட்டான்.

மறுநாள் பிளவக்கல். கூமாபட்டியைத் தாண்டித்தான் போக வேண்டும். 2025இல் ஒரு ரீல்ஸ் அந்தக் கிராமத்தைத் தமிழ்நாட்டுக்கே காட்டிக்கொடுத்துவிட்டது. பையன் அதில் வருகிற மாதிரியே "ஏங்க! ஏங்க!" என்று வழியெல்லாம் கத்திக்கொண்டு வந்தான். "அவங்க ரீல்ஸுக்கு வர்றவங்க, நாம கத்துக்க வந்தவங்க" என்று அதட்டினார் அத்தான்.

பிளவக்கல் என்பது ஓர் அணை அல்ல. பெரியாறு, கோவிலாறு என்று இரண்டு. "கேரளாவோட வழக்கு நடக்குதே, அந்தப் பெரியாறா?" என்றாள் மூத்தவள். இல்லை, இது வத்திராயிருப்புப் பக்கத்து வயலுக்கும் கண்மாய்க்கும் பாய்கிற நம்ம பெரியாறு. நீர்மட்டம் 47 அடி, கோவிலாற்றில் 42 அடி என்று அத்தான் சொன்னதும் அவள் விரல்விட்டு எண்ணினாள். "அப்போ இந்த அணையை நாலு தடவை அடுக்கினாத்தான் நேத்துப் பார்த்த கோபுரம் வருமா?" நல்ல கேள்வி. அது வினாத்தாளில் இல்லை என்பதால் அத்தான் கண்டுகொள்ளவில்லை.

மழை முடிந்து அணை திறந்திருந்த நேரம். கீழே வாய்க்காலில் முழங்கால் அளவு தண்ணீர். அத்தானுக்குக் கை துறுதுறுத்தது. "நாமே ஒரு அணை கட்டுறோம்!" கல், மண், தென்னை மட்டை எல்லாம் சேர்ந்தன. அரை மணியில் வாய்க்கால் அடைபட்டது. தண்ணீர் தேங்கி, பக்கத்து உடைப்பில் திரும்பி, வேறு யாருடைய வயலுக்கோ ஓடியது. "பாருங்க, இதுதான் மறுகால்!" என்று அத்தான் கைகொட்டினார்.

"ஏங்க!"

வரப்பில் மம்பட்டியோடு ஒரு பெரியவர். பையனுக்கு ஆனந்தம் தாங்கவில்லை, பதிலுக்கு அவனும் "ஏங்க!" என்றான்.

"யாருங்க வாய்க்காலை அடைச்சது? ராத்திரி பூரா முழிச்சிருந்து இப்பதான் என் முறை வந்திருக்கு. தண்ணி அந்தாளு வயலுக்குப் போகுது!"

அத்தான் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பெரியவர் மம்பட்டியை நீட்டினார்.

பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு அத்தான் அணையைக் கலைத்தார். முதல் வெட்டிலேயே மண் முகத்தில் அடித்தது. "பிடியைத் தாழப் பிடிங்க" என்று பெரியவர் கற்றுக்கொடுத்தார். பிள்ளைகள் வரப்பில் உட்கார்ந்து, அந்த இரண்டு நாளில் முதல்முறையாக, யாரும் சொல்லாமலே குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். அக்கா போட்டோ எடுத்தாள்.

திரும்பும் வழியில் மறுபடி பால்கோவாக் கடை. அரைக் கிலோ வாங்கிக்கொண்டு வந்து அத்தான் பேசாமல் காரில் உட்கார்ந்தார். பொட்டலத்தை மூத்தவள் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்பா, முறைத் தண்ணின்னா என்ன?"

சரியாகச் சொன்னார். இன்னும் இரண்டு கேள்வி பாக்கி என்றாள்.