பீரோவுக்குப் பின்னால் வைஃபை

எங்கள் வீட்டுக் காற்றில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைகளை ஓடவிட எனக்கு யாருடைய உரிமமும் தேவையில்லை. குறைந்த சக்திக் கருவிகளை அந்த அலைவரிசையில் யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்று மத்திய அரசு 2005-லேயே அறிவித்துவிட்டது. ஆனால் டெல்லியில் கிடைத்த அனுமதி நங்கநல்லூரில் கிடைக்கவில்லை. இங்கே அம்மாவின் பீரோவைக் கேட்க வேண்டியிருந்தது.

பீரோ என்றால் இந்தக் காலத்துப் பலகை அலமாரி இல்லை. அம்மாவின் கல்யாணச் சீரோடு வந்த ஆறரை அடி இரும்பு. அம்மா அறையின் கன்னி மூலையில் வடக்கே பார்த்து நிற்கிறது. அதன் முதுகை ஒட்டி ஒன்பது அங்குலச் செங்கல் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் என் மேசை, மேசைக்கு அடியில் என் கம்ப்யூட்டர். ஃபைபர்காரரோ தெருப்பக்கத்து ஜன்னல் வழியாக ஒயரை உள்ளே விட்டு, ஹாலின் ஈசான்ய மூலையில், தாத்தா படத்துக்குக் கீழே ரவுட்டரை மாட்டிவிட்டுப் போய்விட்டார். ரவுட்டரிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு கோடு கிழித்தால் அது பீரோவின் லாக்கர் வழியாகத்தான் போகும். எங்கள் வீட்டுக்கு வாஸ்து பார்த்தவருக்கு வைஃபை தெரியாது. வைஃபையை வடிவமைத்தவர்களுக்குக் கன்னி மூலை தெரியாது.

ஒயரை இழுத்துவிடலாமே என்பீர்கள். பொங்கலுக்குத்தான் பெயின்ட் அடித்திருந்தோம். “இனிமே இந்தச் சுவத்துல ஒரு ஆணி இறங்கிச்சுன்னா நான் பெரியவன் வீட்டுக்குப் போயிடுவேன்” என்று அம்மா சொல்லியிருந்தாள். சரி, சுவரைத் தொடாமல் தரையோடு வாசற்படி வழியாகக் கொண்டுவரலாம் என்றால், “நான் தடுக்கி விழுந்தா யாரு பாக்கறது?” நியாயமான கேள்வி. ஆகவே வயர்லெஸ் கார்டு வாங்கப் புறப்பட்டேன்.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் நான் நுழைந்த கடை ஒரு ஆள் நிற்கிற அகலம். கல்லாவில் இருந்த பையன் மொபைலிலிருந்து கண்ணை எடுக்காமல் விசாரணையைத் தொடங்கினான்.

“ஃபுல் டவரா சார், ஸ்லிம் கேபினட்டா?”

“கறுப்பு.”

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தான். “போர்டுல எக்ஸ்-ஒன் ஸ்லாட் காலியா இருக்கா?”

“இருக்கணும்.”

“ஒம்போது பின் யூஎஸ்பி ஹெடர்?”

“அதுவும் இருக்கணும்.”

“ரெண்டு சைஸ் பிராக்கெட்டும் டப்பாவுலயே இருக்கு சார். வீட்டுக்குப் போய்ச் சொருகினா போதும்.”

ரிச்சி ஸ்ட்ரீட்டில் எதை வாங்கினாலும் இந்த ஆசீர்வாதத்தோடுதான் வழியனுப்புகிறார்கள். அதில் பொய்யும் கிடையாது. சொருகுகிற வேலை நிஜமாகவே அரை நிமிடம்தான். அதற்கு முன்னால் நடப்பதும் பின்னால் நடப்பதும் கடைக்காரர் கணக்கில் வராது.

எங்கள் வீட்டில் ‘சிபியு’ என்று அழைக்கப்படும் அந்தப் பெட்டி, ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் வெளிப்புறத்தில் சந்தனமும் குங்குமமும் வாங்கிக்கொண்டிருக்கிறது. உள்ளே யாரும் எட்டிப் பார்த்ததில்லை. பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கும் அக்கா பையன் போனில் எச்சரித்தான்: “மாமா, ஸ்டாட்டிக் கரண்ட் பாய்ஞ்சா கார்டு போயிடும். கையில எர்த் ஸ்ட்ராப் கட்டிக்கிட்டுத் தொடுங்க.” வறண்ட காற்று உள்ள ஊருக்குப் பொருத்தமான அறிவுரை. சென்னை மே மாதத்தில், மின்விசிறியை நிறுத்திவிட்டுக் குனிந்து வேலை செய்பவன் உடம்பில் ஸ்டாட்டிக் சேர வழியில்லை. என் நெற்றியிலிருந்து மதர்போர்டில் சொட்டிக்கொண்டிருந்ததற்குத்தான் ஏதாவது ஸ்ட்ராப் தேவைப்பட்டது.

பக்கத் தகட்டைக் கழற்றினால் முதலில் தெரிந்தது தூசி. அதை ஊதிய பின் தெரிந்தவை இரண்டு பல்லி முட்டைகள். பின்பக்கத்தில் ஒரு ஸ்லாட்டின் மூடித் தகடு எப்போதோ காணாமல் போயிருந்தது. அந்த இடுக்கு வழியாக உள்ளே வந்த தாய்ப் பல்லி, கதகதப்பான இடம் பார்த்து, கடைப் பையன் கேட்ட அதே எக்ஸ்-ஒன் ஸ்லாட்டின் மேல் முட்டையிட்டிருந்தது. ஒரு அங்குல நீளமே உள்ள ஸ்லாட் அது. எடுத்து எறியலாம் என்று கையை நீட்டியதும் வாசலில் அம்மா.

“தொடாதே. காஞ்சிபுரத்துல வரதராஜப் பெருமாள் கோயில்ல க்யூவுல நின்னு பல்லியைத் தொட்டுக் கும்பிட்டுட்டு வந்தோம். வீட்டுல வந்து முட்டையை உடைப்பியா?”

அன்றைக்கு இன்னொரு காஞ்சிபுரப் பயணத்தைத் தவிர்க்க உதவியது அக்கா பையன்தான். “பக்கத்துல நீளமான ஸ்லாட் ஒண்ணு காலியா இருக்கா மாமா? அதுல போடுங்க. சின்ன கார்டு பெரிய ஸ்லாட்டுல உட்காரும்.” நான் நம்பவில்லை. ஆனால் உண்மை. பிசிஐ எக்ஸ்பிரஸ் என்ற ஏற்பாட்டை வகுத்தவர்கள், குட்டைக் கார்டை நீள ஸ்லாட்டில் பொருத்தினாலும் வேலை செய்ய வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். எதிர்காலத்து வேகத்தையெல்லாம் மனத்தில் வைத்து எழுதிய விதியாக இருக்கும். நங்கநல்லூரில் அது ஒரு பல்லிக் குடும்பத்தைக் காப்பாற்றியது.

பிராக்கெட் மாற்றியதை நீட்டி முழக்க விரும்பவில்லை. கார்டில் மாட்டியிருந்தது உயரமான தகடு, என் பெட்டியோ ஒல்லி ரகம். தகட்டைப் பிடித்திருக்கும் திருகாணி கடுகு சைஸ். அது பெட்டிக்குள் விழுந்தது. பெட்டியைத் தூக்கிக் குலுக்கினோம். உள்ளே சலசலக்கும் சத்தம் மட்டும் வந்தது, ஆணி வரவில்லை. “முட்டை, முட்டை” என்று அம்மா பதற, குலுக்கலைப் பாதியில் நிறுத்தினோம்.

கார்டு உட்கார்ந்தது. கம்ப்யூட்டரைப் போட்டால், ஏதோ வந்திருக்கிறது, என்னவென்று அடையாளம் தெரியவில்லை என்று விண்டோஸ் மஞ்சள் ஆச்சரியக்குறி போட்டது. டிரைவர் வேண்டுமாம். டப்பாவுக்குள் டிரைவர் இருக்கும் சிடி ஒன்று பளபளவென்று இருந்தது. சிடி போடுகிற வாயைக் கம்ப்யூட்டர்காரர்கள் ஒழித்துப் பல வருடம் ஆகிறது. கார்டு செய்கிறவர்களுக்கு யாரும் தகவல் சொல்லவில்லை போலிருக்கிறது. டப்பாவின் ஓரத்தில் மாற்று வழியும் அச்சடித்திருந்தார்கள்: இணையத்திலிருந்து தரவிறக்கிக்கொள்ளவும். இணையம் வருவதற்குத்தானே ஐயா இந்தக் கார்டு? அந்த வாசகத்தை எழுதியவர் ஒருநாளாவது கார்டு இல்லாத கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்க மாட்டார். சிடியை அம்மா வாங்கிக்கொண்டு போய் மொட்டை மாடியில், வடாம் காயும் இடத்துக்கு மேலே கட்டிவிட்டாள். காக்கை வருவதில்லை. அந்த டப்பாவில் சொன்னபடி முதல் நாளே வேலை செய்த பொருள் அது ஒன்றுதான்.

இதற்கும் வழி இருக்கிறது. மொபைலை யூஎஸ்பி ஒயரில் இணைத்து, டெதரிங்கைப் போட்டால் போனின் இணையம் கம்ப்யூட்டருக்கு வந்துவிடும். வந்தது. பக்கங்கள் சரசரவென்று திறந்தன. எட்டிப் பார்த்த மனைவி கேட்டாள்: “என்னங்க, இன்டர்நெட்தான் வந்துடுச்சே. அப்புறம் எதுக்கு அந்தக் கார்டு?”

இதற்குப் பதில் யோசிப்பதற்குள் வேறொன்று நடந்துவிட்டது. பல நாளாக இணைய வாடையே காணாமல் கிடந்த விண்டோஸ், வாசல் திறந்ததும் டிரைவரை விட்டுவிட்டு, பாக்கி வைத்திருந்த அப்டேட்டுகளையெல்லாம் வாரி இறக்க ஆரம்பித்தது. ஒரு நாளைக்கு இரண்டு ஜிபி என்று எனக்கு அளந்து ஊற்றுகிற பிளான். பாதி தீர்ந்தது என்று ஒரு குறுஞ்செய்தி. முழுவதும் தீர்ந்தது என்று அடுத்த குறுஞ்செய்தி. டிரைவர் மறுநாள்தான் வந்தது. அதிலும் ஒரு வில்லங்கம். ஒரே மாடல் பெயரில் வி-1, வி-2, வி-3 என்று பதிப்புகள் இருக்கின்றன. பெயரும் டப்பாவின் நிறமும் மாறாது, உள்ளே இருக்கும் சிப் மட்டும் மாறும். ஒன்றின் டிரைவர் மற்றதற்கு ஆகாது. எந்தப் பதிப்பு என்பது கார்டில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். கார்டு பெட்டிக்குள் இருக்கும். பெட்டி மேசைக்கு அடியில் இருக்கும்.

இரண்டாவது பிரசவமும் முடிந்து, ப்ளூடூத் ஏன் வரவில்லை என்று கேட்டால், அதற்குத் தனி ஒயராம். இந்த ரகக் கார்டுகளில் வைஃபை ஸ்லாட் வழியாகப் பேசும், ப்ளூடூத் மட்டும் மதர்போர்டின் யூஎஸ்பி ஹெடரில் சொருகும் குட்டி ஒயர் வழியாகத்தான் பேசும். ‘ஒம்போது பின்’ என்று பையன் கேட்டது இதைத்தான். என் போர்டில் இருந்த ஒரே ஹெடரை முன்பக்க யூஎஸ்பி துளைகள் பிடித்திருந்தன. ப்ளூடூத் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

வைஃபை வந்ததா? வந்தது. ஒரே ஒரு கோடு. திரையில் விரிந்த பட்டியலில் எங்கள் ரவுட்டரின் பெயர் எட்டாவது இடத்தில் இருந்தது. மேலே இருந்த ஏழும் அக்கம்பக்கம். ‘அம்மன் துணை’ முழு பலத்தோடு வந்தது. ‘கேட்காதே தரமாட்டேன்’ எங்கள் ஹாலைவிடத் தெளிவாக வந்தது. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். எங்கள் தெரு முழுக்க ஆறாவது சேனலில் குடியேறியிருந்தது.

இந்த இடத்தில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். லேப்டாப்பில் ஆன்டெனா திரையைச் சுற்றிய சட்டத்துக்குள் ஓடுகிறது. மேசைக்கு மேலே, நாலு பக்கமும் திறந்த இடம். டெஸ்க்டாப் கார்டில் எங்கே இருக்கிறது? பெட்டியின் பின்புறம். முன்னால் ஒரு இரும்புப் பெட்டி, பின்னால் சுவர், தலைக்கு மேல் மேசைப்பலகை, சுற்றிலும் பவர் ஒயர், மானிட்டர் ஒயர், ஒட்டடை. ஒரு அறையில் சிக்னல் மிகக் குறைவாகக் கிடைக்கும் இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து அங்கே ஆன்டெனாவை வைக்க வேண்டும் என்று யாராவது போட்டி வைத்தால் இந்த ஏற்பாட்டுக்குத்தான் முதல் பரிசு. டெஸ்க்டாப், ஒயர் இருக்கும் இடத்தில் அசையாமல் கிடப்பதற்கென்று பிறந்த ஜாதி. அதன் முதுகில் இரண்டு குச்சியை நட்டுக் காற்றைக் குடித்துப் பிழைத்துக்கொள் என்பது எனக்கு அராஜகமாகப் படுகிறது.

குச்சிகளை ரவுட்டரைப் பார்த்துத் திருப்பிவைத்தேன். உள்ளதும் குறைந்தது. அக்கா பையன் விளக்கினான்: “நுனியைக் காட்டாதீங்க மாமா. குச்சிக்கு நுனிப்பக்கம் ஒண்ணும் போகாது. மெதுவடை ஓட்டையில விரலை விட்ட மாதிரி நினைச்சுக்குங்க. விரல்தான் ஆன்டெனா, வடைதான் சிக்னல்.” இதுவரை எனக்கு யாரும் இவ்வளவு சுலபமாக விஞ்ஞானம் சொல்லித் தந்ததில்லை. குச்சியை நிமிர்த்தி, வடையைப் படுக்கவைத்தேன். இரண்டாவது கோடு எழுந்து, யோசித்து, மறுபடி படுத்துக்கொண்டது. வடை எவ்வளவு பெரிதாக இருந்து என்ன? செங்கல் ஓரளவு சிக்னலைத்தான் விழுங்கும், மிச்சத்தை விட்டுவிடும். இரும்புத் தகடு மொத்தமாகத் திருப்பி அனுப்பிவிடும். பீரோ, தன்மேல் வந்து மோதியதையெல்லாம் ஹாலுக்கே அனுப்பிக்கொண்டிருந்தது. டிவிக்கு நல்ல சிக்னல்.

“பீரோவை ஒரு ரெண்டடி நகர்த்தினா...” என்று ஆரம்பித்தேன்.

“கன்னி மூலையில கனம் இருக்கணும். உங்கப்பா இருந்தப்பவே நகராத பீரோ” என்றாள் அம்மா. ஈசான்யத்தில் இருக்கும் ரவுட்டரையாவது நகர்த்தலாமா என்றால், அது தாத்தா படத்துக்குக் கீழே விளக்கு எரிகிற மாதிரி இருக்கிறதாம். பச்சை விளக்கு.

மிச்சமிருந்தது உயரம். பீரோ ஆறரை அடி. என் அறைப் பரண் ஏழடிக்கு மேலே. ஆன்டெனாவை மட்டும் ஒரு ஒயரில் நீட்டி மேலே ஏற்றினால் பீரோவின் தலைக்கு மேலாகச் சிக்னலைப் பிடிக்கலாம். மறுபடி ரிச்சி ஸ்ட்ரீட். அடியில் காந்தம் வைத்த ஆன்டெனா ஸ்டாண்ட், ஒயரோடு கிடைத்தது. ஒயர் நீள நீளச் சிக்னல் அதிலேயே கரைந்துவிடும் என்பதால் அளவாக வாங்கினேன். “எங்கயாவது இரும்புல ஒட்டினா போதும் சார்” என்று பையன் ஆசீர்வதித்தான்.

பரணில் இருந்தவை பித்தளை அண்டா, பித்தளைத் தவலை, செம்புக் குடம், பாட்டி காலத்து வெண்கலப் பானை. ஒன்றிலும் காந்தம் ஒட்டாது. ஒயர் தன் கனத்தால் ஸ்டாண்டைக் கீழே இழுத்துப் போட்டது. தேடித் தேடி அண்டாவுக்குள்ளிருந்து ஒரு பொருளை எடுத்தேன். பழைய இரும்பு தோசைக்கல். ‘டக்’கென்று ஒட்டியது. கல்லைப் பரண் விளிம்பில் வைத்து, அதன்மேல் ஆன்டெனாவை நிறுத்தி, ஏணியிலிருந்து இறங்கிப் பார்த்தால் நான்கு கோடு. ‘அம்மன் துணை’ இரண்டாம் இடத்துக்குப் போயிருந்தது.

மறுநாளிலிருந்து வீடியோ மீட்டிங்குகள் சிக்கலில்லாமல் ஓடின. அக்கா பையன் போட்டோ அனுப்பச் சொல்லி, அதைத் தன் ஆபீஸ் நண்பர்களுக்கெல்லாம் அனுப்பியிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை பெரியவன் குடும்பத்தோடு வந்தான். அடுப்பில் ஒரு கல் போதவில்லை. நான் ஒரு முக்கியமான ஃபைலை அனுப்பிக்கொண்டிருந்தேன், முக்கால்வாசி போயிருந்தது. கரண்டியும் கையுமாக அம்மா வாசலில் வந்து நின்றாள்.

“அடை வார்க்கணும்டா. உன் இன்டர்நெட்டைக் கொஞ்சம் இறக்கிக் குடு.”