நெகிரி செம்பிலான் தோட்டங்களில் லேண்ட் ரோவர் ஹீட்டர்க் குழாய்: ஒரு திணையியல் ஆய்வு

தொல்காப்பியம் ஓர் ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பகுத்தது. நெகிரி செம்பிலானுக்கு அவற்றில் இரண்டுதான் வந்து சேர்ந்தன: மழை பெய்கிற வேனில், மழை பெய்யப்போகிற வேனில். சிரம்பானில் பகல் வெப்பம் 32 பாகை செல்சியஸை எட்டும். விடியற்காலையில் 23க்குக் கீழே இறங்குவது அரிது. விடியலில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகிறவர் முழுக்கைச் சட்டை போடுவது கொசுவுக்குப் பயந்தே. இந்நிலத்தில் ஒரு வண்டிக்குள் வெந்நீரை ஓட்டி, அதன்மேல் காற்றை ஊதி, அக்காற்றைக் குழாயில் ஏற்றி மனிதர்மேல் விடும் கருவி ஒன்று உண்டு என்பதும், அதன் குழாய் கிழிந்தால் புதிது மாட்டியே தீர்வது என்று நிற்கும் மனிதர்கள் உண்டு என்பதும் தமிழாய்வுலகம் இதுவரை கண்டுகொள்ளாத செய்திகள். அக்குறையைத் தீர்க்க எழுந்தது இக்கட்டுரை.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது சீரிஸ் 2ஏ, 88 அங்குல வண்டி. இவ்வகை 1961 முதல் 1971 வரை இங்கிலாந்தின் சோலிஹல் ஆலையில் உருவானது. குலமுதல்வனாகிய முதல் லேண்ட் ரோவர் 1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் வெளிப்பட்டது. சரியாக ஏழு வாரம் கழித்து, ஜூன் 18 அன்று, மலாயா முழுவதும் அவசரகாலம் வந்தது. அது 1960 வரை நீடிக்க, கித்தாத் தோட்டத்துத் துரைமார் தம் வண்டிகளுக்கு இரும்புத் தகடு அடித்துக்கொண்டு பவனி வந்தார்கள். தகடடித்த வண்டிக்குள் நண்பகலில் உட்கார்ந்திருப்பவருக்கு ஹீட்டர் தேவைப்பட்டிராது என்பது ஆய்வாளரின் துணிபு.

பின் அது எப்படி வந்தது? ஹீட்டர் அக்காலத்தில் கூடுதல் காசு கொடுத்து வாங்க வேண்டிய பாகம். ஆகவே யாரோ கேட்டுத்தான் வந்திருக்க வேண்டும். பட்டாளத்து வண்டி ஏலத்தில் வந்தபோது கூடவே வந்தது என்பார் ஒரு சாரார். ஊர் ஏக்கத்தில் துரை எழுதிக் கேட்டார் என்பார் மற்றொரு சாரார். கிராணி படிவத்தில் எல்லாக் கட்டங்களிலும் கோடு போட்டுவிட்டார் என்பது மூன்றாவது கொள்கை. எளிமை கருதி இதுவே இங்கு ஏற்கப்படுகிறது. இன்னொன்றையும் குறிக்க வேண்டும். நெகிரி செம்பிலான் மலாய்க்காரரிடையே அடாட் பெர்பத்தே வழக்கப்படி மூதாதையர் நிலம் தாய்வழியில் இறங்கும். லேண்ட் ரோவர் மட்டும் துரையிடமிருந்து கிராணிக்கும், கிராணியிடமிருந்து போமனுக்கும் என ஆண்வழியிலேயே இறங்கியிருக்கிறது.

இனிக் குழாய். டேஷ்போர்டுக்குக் கீழே நடுவில் ஹீட்டர்ப் பெட்டி. அதற்குள் ஒரு குட்டி ரேடியேட்டர், ஒரு மின்விசிறி. அங்கிருந்து இரண்டு குழாய்கள் முன்கண்ணாடியின் அடிக்குப் போகும். சுருள்கம்பியின் மேல் துணியோ காகிதமோ சுற்றிய, வளைந்து கொடுக்கும் குழாய்கள். இவற்றின் சாவுக்குக் காரணம் மூன்று: மழைக்கால ஈரம், எஞ்சின் சூடு, எலி. எலியைப் பற்றி விரித்துரைத்தே ஆக வேண்டும். கித்தா மரங்கள் போய்ச் செம்பனை வந்தபின் தோட்டங்களில் எலிக்குப் பழம் தட்டுப்பாடில்லை. அதை அடக்கக் கூகைகளுக்குப் பெட்டி கட்டிக் கம்பத்தில் ஏற்றிவைக்கிறார்கள். கூகையும் இரவெல்லாம் உழைக்கிறது. ஆனால் வானத்திலிருந்து பாயும் கூகையால் டேஷ்போர்டுக்கு அடியில் பாய முடியாது. இந்த இடைவெளியை எலி அறிந்திருக்கிறது.

திணை என்ன என்ற கேள்விக்கு வருவோம். குளிருக்கான கருவியாதலால் கூதிரும் முன்பனியும் உரிய குறிஞ்சியே இதன் திணை என்று சிலர் சொல்லக்கூடும். பொருந்தாது. குழாய்க்கு வரும் முதல் நோய், பெட்டியின் கழுத்தைவிட்டுக் கழன்றுபோவது. பிரிதல் பாலைக்கு உரிப்பொருள். ஆகவே இது பாலை.

எதைக்கொண்டு மாற்றுவது? பிளாஸ்டிக் குழாய் போதும் என்ப உதிரிக்கடைக்காரர். போதாது. ஹீட்டருக்குள் ஓடும் நீர் 80 பாகையைத் தொடும். பிவிசி இளகத் தொடங்குவதும் ஏறத்தாழ அங்கேதான். மேட்டில் ஏறும்போது குழாய் சப்பிக்கொண்டு படுத்துவிடும். அலுமினியத் தகட்டுக் குழாய் சூடு தாங்கும். ஆனால் தோட்டத்துச் செம்மண் சாலைக் குலுக்கலில் விண்டுபோகும், போகிற போக்கில் டேஷ்போர்டின் பின்னால் மூடாமல் கிடக்கும் மின்முனையைத் தொட்டுப் பொறி பறக்கவிடும். கம்பிச் சுருளின்மேல் ரப்பர் பூசிய துணி சுற்றிய குழாய்தான் தகும். பேட்டரி முனையைக் கழற்றிவிட்டே கையை உள்ளே விட வேண்டும். கழுத்தின் வெளிவிட்டத்தை அளந்து வாங்கி, வளைவில் நசுங்காதபடி சற்று நீளமாக வெட்டி, இரு முனையிலும் கிளிப் போட்டு இறுக்கினால் வேலை முடிந்தது. கித்தா விளைந்த மண்ணில் ரப்பர் பூசிய குழாயைக் கடல் தாண்டித் தருவிப்பது வரலாற்று முரண். அது வேறோர் ஆய்வுக்குரியது.

பயன் என்ன என்பார்க்கு இரண்டு விடை. மழையில் முன்கண்ணாடி குளிர்ந்து, நம் மூச்சின் ஈரம் உட்புறம் படிந்து வெளுத்துவிடும். சூடான காற்று பட்டால் அது விலகும். ஏர்கண்டிஷன் இல்லாத வண்டிக்கு இதுவும் ஒரு பழந்துணியுமே கதி. தீபகற்பத்தில் மழை மிகக் குறைந்த பகுதியாகச் சொல்லப்படும் ஜெலுபுவில் இந்த விடை அவ்வளவாக எடுபடாது.

இரண்டாவது விடைதான் கனமானது. சிரம்பானிலிருந்து கோலகிளவாங் போகும் வழியில் புக்கிட் தங்காவின் கொண்டை ஊசி வளைவுகளில் பழைய எஞ்சின் ஏறும்போது வெப்பமுள் சிவப்பை நோக்கி நகரும். அப்போது ஹீட்டரை முழுக்கத் திறந்து விசிறியைப் போட்டால், அந்தக் குட்டி ரேடியேட்டர் பெரியதற்குத் துணையாகிக் கொஞ்சம் சூட்டை வாங்கிக்கொள்ளும். வாங்கிய சூடு நம்மேல்தான் இறங்கும். குழாய் சரியாக இருந்தால் கண்ணாடியில் மோதித் திறந்த ஜன்னல் வழியே ஒரு பகுதியாவது வெளியேறும். கிழிந்திருந்தால் அத்தனையும் முழங்காலில் கொட்டும். எஞ்சினுக்கு இரண்டும் ஒன்றே. முழங்காலுக்கு அப்படியல்ல.

ஹீட்டரையே கழற்றி எறிந்தால் என்ன என்று கேட்பவர்களுக்குத் தடையில்லை. தண்ணீர் ஓஸ்கள் இரண்டையும் ஒன்றோடொன்று இணைத்து அடைத்துவிடுங்கள். பிறகு மத்தியானம் இரண்டு மணிக்கு, பின்னால் நாலு மூட்டை உரத்தை ஏற்றிக்கொண்டு, புக்கிட் தங்கா ஏறிவிட்டு வந்து பேசுங்கள்.