பையின் காதைப் பிடித்துப் பாருங்கள்

போன இதழில் கைப்பை பற்றி ஒரே ஒரு வரி எழுதப்போக, கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. அதனால் இந்த இதழ் முழுக்கப் பைதான்.

கேள்வி: அலமாரியில் பத்திரமாக வைத்திருந்த கைப்பையைக் கல்யாணத்துக்கு எடுத்தேன். மேல்தோல் உரிந்து, பட்டுப்புடவை முழுக்கக் கறுப்புப் பொடி. பயன்படுத்தாமலே ஒரு பை எப்படிக் கெடும்?
– வங்கி ஊழியர், திருச்சி

பதில்: கடையில் ‘லெதர் மாதிரி’ என்று சொல்லி விற்றிருப்பார்கள். உரிந்தது அந்த ‘மாதிரி’. துணியின் மேல் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக்கை மெல்லிய படலமாகப் பூசி, தோல் வரிகளை அச்சடித்துச் செய்கிறார்கள், கடைகளில் பி.யு. என்பார்கள். காற்றிலுள்ள ஈரம் அந்தப் படலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துக்கொண்டே இருக்கும். தோளில் மாட்டித் திரிந்தாலும் அறுக்கும், பீரோவில் பூட்டி வைத்தாலும் அறுக்கும். பிளாஸ்டிக் கவருக்குள் போட்டுக் கட்டி வைத்திருந்தால் உள்ளே சிக்கிய ஈரத்துக்குக் கொண்டாட்டம்.

ஆகவே ‘விசேஷத்துக்கு மட்டும்’ என்று எடுத்துவைக்கக் கூடாத பொருள் பி.யு. பை. அதை வாங்கிவிட்டீர்களா, தினமும் ஆபீசுக்குத் தூக்கிப் போய் உழைப்பை வாங்கிவிடுங்கள். எடுத்துவைத்துப் பல வருஷம் பயன்படுத்த ஆசைப்பட்டால் நல்ல தோலோ கெட்டித் துணியோதான் சரி.

கேள்வி: நான் வாங்கியதில் ‘ஜெனுயின் லெதர்’ என்று முத்திரையே இருக்கிறது. நிம்மதியாக இருக்கலாமா?
– கல்லூரி மாணவி, கோவை

பதில்: பாதி நிம்மதி. தோல் என்று முத்திரை சொல்கிறது; எந்தத் தோல் என்று சொல்லவில்லை. மாட்டுத்தோல் தடிமனானது. அதைக் கிடைவாட்டில் அடுக்கடுக்காகப் பிளப்பார்கள். மேலடுக்கில் நார்கள் நெருங்கிப் பின்னிக் கிடக்கும். உறுதி முழுவதும் அங்கேதான். கீழடுக்கில் நார் தளர்ச்சி. அதன் மேல் பூச்சைப் பூசி மினுக்கினால் அதுவும் ‘ஜெனுயின் லெதர்’ என்றே கடைக்கு வரும். தோல் துகளைப் பசையில் குழைத்துத் தகடாக்கிய ‘பாண்டட் லெதர்’ என்று ஒன்றும் உண்டு. அது தோலின் பெயரில் பி.யு.வின் ஆயுசோடு பிறந்தது.

கேட்க வேண்டிய சொல் ‘ஃபுல் கிரெய்ன்’. கேட்டதோடு விடாமல் வெளிச்சத்தில் பாருங்கள். மயிர்க்கால் துளைகள் ஓரிடத்தில் நெருக்கமாகவும் ஓரிடத்தில் விலகியும் இருக்கும். எங்காவது முள் கீறிய பழைய தழும்பு தெரியும். அந்தத் தழும்பைக் குறை என்று நினைத்து வேறு பை கேட்காதீர்கள், அது மேலடுக்கு என்பதற்கு மாடே போட்ட கையெழுத்து. கட்டைவிரலால் அழுத்தினால் விரலைச் சுற்றி மெல்லிய சுருக்கங்கள் ஓடி, எடுத்ததும் மறைய வேண்டும். பை முழுக்க ஒரே அச்சாக வரி இருந்தால் அது இயந்திரம் அழுத்திய வரி.

கேள்வி: பை என்றால் பாரிஸ், இத்தாலி என்கிறார்கள். எங்கள் ஊர்த் தோலைப் பற்றி எழுதுவீர்களா? எழுதினால் எங்கள் தண்ணீரைப் பற்றியும் எழுதுங்கள்.
– ஆசிரியர், வாணியம்பாடி

பதில்: இரண்டையும் சேர்த்து எழுதுவதுதான் நியாயம்.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, திண்டுக்கல் எல்லாம் தோலுக்குப் பேர்போன ஊர்கள். ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் ஊறவைத்துப் பதனிட்ட நம் பக்கத்துத் தோல் ‘ஈ.ஐ. லெதர்’ என்ற பெயரில் அந்தக் காலத்திலேயே சென்னைத் துறைமுகத்திலிருந்து லண்டனுக்குக் கப்பலேறியது. அதற்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. பட்டைப் பதனீட்டுக்கு வாரக்கணக்கில் பொறுமை வேண்டும். அந்தத் தோல் முதலில் கொஞ்சம் விறைப்பாக இருக்கும். கைபடக் கைபட நிறம் ஆழ்ந்து மெருகேறும். குரோமியம் உப்பில் பதனிடுவது ஒரு நாளில் முடிகிற வேலை. தோல் மெத்தென்று வரும், மழைத்துளிக்கும் ஈடுகொடுக்கும். உலகில் இன்று பெரும்பாலான தோல் அப்படிப் பதனிட்டதுதான்.

இனி தண்ணீர். பாலாற்றங்கரைக் கிணறுகளும் வயல்களும் இந்தத் தொழிலால் பாழானது ஊரறிந்த சங்கதி. 1996-இல் வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில், மாசுபடுத்தியவரே இழப்பீடு தரவேண்டும் என்ற கோட்பாடு இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இன்றைக்கும் சுற்றுச்சூழல் சட்டம் படிக்கும் மாணவர்கள் அந்தத் தீர்ப்பைத் தாண்டிப் போக முடியாது. பட்டையில் பதனிட்டால் மாசே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குரோமியம் இருக்காது, உண்மை. ஆனால் பச்சைத்தோல் கெடாமலிருக்க மூட்டை மூட்டையாக உப்பைப் போட்டுத்தான் வைக்கிறார்கள். அதைக் கழுவும் தண்ணீர் எந்த முறையானாலும் உப்புத் தண்ணீரே.

ஐந்து பை வாங்குமிடத்தில் ஒன்றை வாங்கிப் பதினைந்து வருஷம் வைத்துக்கொள்ளுங்கள் என்று இந்தப் பகுதியில் நான் மன்றாடுவதற்கு உங்கள் ஊர்க் கிணறும் ஒரு காரணம்.

கேள்வி: பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு கடையில் ஐந்து நிமிஷம்தான் நிற்க முடியும். எதைப் பார்த்து வாங்குவது?
– இல்லத்தரசி, மதுரை

பதில்: காதை. தோல் தேய்ந்து செத்த பையைவிடக் காது அறுந்து செத்த பைகள்தான் அதிகம்.

காது பையோடு சேரும் இடத்தைப் பாருங்கள். வெறும் தையல் மட்டுமா, தையலோடு ரிவிட்டும் அடித்திருக்கிறார்களா? காது மேற்பட்டியிலேயே முடிந்துவிடுகிறதா, பையின் உடம்பில் கீழே வரை இறங்கி வருகிறதா? இறங்கி வந்தால் பாரம் பரவும். விளிம்பிலேயே நின்றுவிட்டால் இரண்டு தண்ணீர் பாட்டிலின் கனம் முழுவதும் ஒரு விரற்கடைத் தையலில் தொங்கும். பையின் வாயைத் திறந்து உள்பக்கமும் தடவுங்கள். காது சேருமிடத்துக்குப் பின்னால் இன்னொரு துண்டுத் தோல் கொடுத்திருந்தால் கைக்குக் கெட்டியாகத் தட்டுப்படும். அந்தத் துண்டு கண்ணுக்குத் தெரியாது, அதனால் மட்டமான வேலையில் முதலில் மிச்சம் பிடிப்பது அதைத்தான்.

அடுத்து தையல். மெஷினில் மேலும் கீழும் இரண்டு நூல் கோத்துக்கொண்டு போகும்; ஓரிடத்தில் அறுந்தால் பக்கத்துத் தையல்களும் தளர்ந்துகொண்டே வரும். குதிரைச் சேணம் தைப்பவர்களின் முறை வேறு: ஒரே நூல், இரண்டு முனையிலும் ஊசி, ஒவ்வொரு துளையிலும் இரண்டு பக்கமிருந்தும் கையால் கோப்பது. ஓரிடம் அறுந்தாலும் மற்றது பிடித்து நிற்கும். சேணம் செய்து பிழைத்த எர்மெஸ் கம்பெனியின் பைகளில் அந்தத் தையல் இன்றும் இருக்கிறது. நாம் வாங்குவது பெரும்பாலும் மெஷின் தையல்தான், தப்பில்லை. நூல் தடிமனாக, தையல் முடியுமிடத்தில் திருப்பி அடித்திருந்தால் போதும்.

ஜிப்பை மூலை வரை ஓட்டிப் பாருங்கள். நேராக ஓடுவது பெரிதல்ல, திருப்பத்தில் திணறக் கூடாது. விளிம்பில் பூசிய வண்ணம் நகம் பட்டதும் அப்பளமாகப் பெயர்ந்தால் வேண்டாம். கடைசியாக, உள்ளே திணித்திருக்கும் காகிதத்தை எல்லாம் எடுத்துவிட்டு வெறும் பையைத் தோளில் மாட்டுங்கள். வெறும் பையே கனத்தால், பிள்ளையின் டிபன் பாக்ஸும் சேர்ந்த பிறகு தோள் தாங்காது. ஐந்து நிமிஷம் முடிந்தது.

கேள்வி: ஒன்பதாயிரம் ரூபாய்க்கு ஒரு பழுப்புப் பை கேட்கிறாள் மனைவி. பளபளப்புகூட இல்லை. நீங்களாவது புத்தி சொல்லுங்கள்.
– கணவர், சேலம்

பதில்: சொல்கிறேன், உங்களுக்கு. பன்னிரண்டு வருஷம் உழைக்கும் பை என்றால் மாதம் 62 ரூபாய் 50 காசு. வருஷத்துக்கு ஒன்றாக ஆயிரம் ரூபாய்ப் பை வாங்கினால் அதே காலத்தில் பன்னிரண்டாயிரம் போகும், கையில் ஒன்றும் மிஞ்சாது. உங்கள் மனைவி கணக்கில் கெட்டி, ஐயா. பளபளப்பு இல்லாததைக் கேட்டிருக்கிறார் என்பதே அவர் விஷயம் தெரிந்தவர் என்பதற்குச் சாட்சி. ஒரு நிபந்தனை மட்டும் போடுங்கள்: மேலே சொன்ன காது, தையல், ஜிப் மூன்றையும் கடையில் இருவருமாகப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். விலை அதிகம் என்பதே தரத்துக்கு அத்தாட்சி ஆகிவிடாது.

கேள்வி: கம்பெனிப் பெயர் வெளியே தெரியாத பையை எடுத்துப் போனால் யார் மதிப்பார்கள்?
– ஐ.டி. ஊழியர், சென்னை

பதில்: பிரிட்டனின் இரண்டாம் எலிசபெத் அரசி பல பத்தாண்டுகள் கையில் வைத்திருந்தது லானர் என்ற கம்பெனியின் பை. பெரும்பாலும் கறுப்பு. அடையாளம் என்று பார்த்தால் முறுக்கிய கயிறு போல ஒரு சின்ன உலோகத் துண்டு, அவ்வளவுதான். இத்தாலியில் 1966-இல் தொடங்கிய பொத்தேகா வெனெத்தா, தோல் பட்டைகளைப் பாய் முடைவது போலப் பின்னிப் பை செய்தது. உங்கள் பெயரின் முதலெழுத்தே உங்களுக்குப் போதும் என்ற பொருளில் விளம்பரம் செய்து, வெளியே பெயர் போடாமலே பெயரெடுத்தது.

பெரிய எழுத்தும் பெரிய பக்கிளும் அந்தந்த வருஷத்தின் தேதி முத்திரைகள். மூன்றாம் வருஷம் பை நன்றாகவே இருக்கும், தேதி காலாவதி ஆகியிருக்கும். கோக்கோ ஷனேல், பையைக் கையிலேயே பிடித்துத் திரிவதில் சலித்துப்போய், தோளில் மாட்டச் சங்கிலி வைத்து ஒன்றை 1955 பிப்ரவரியில் கொண்டுவந்தார். மாதமும் வருஷமும் சேர்ந்து அதன் பெயரே 2.55. எழுபது வருஷமாகியும் பழசாகத் தெரியாததற்குக் காரணம், இரண்டு கையையும் விடுவிப்பது என்ற ஒரு தேவையிலிருந்து அது பிறந்தது. அந்தத் தேவை இன்னும் தீரவில்லையே.

கேள்வி: ஒரு பழைய பை பல கோடிக்கு ஏலம் போனதாமே?
– ஓய்வுபெற்ற தபால்காரர், தஞ்சாவூர்

பதில்: ஆமாம். 2025 ஜூலையில் பாரிஸ் ஏலத்தில் சுமார் 86 லட்சம் யூரோ; நம் பணத்தில் 80 கோடிக்கு மேல். நடிகையும் பாடகியுமான ஜேன் பிர்கினுக்காக எர்மெஸ் கம்பெனி 1980-களில் செய்துகொடுத்த முதல் பிர்கின் பை அது. விமானத்தில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்த எர்மெஸ் தலைவரிடம், ஒரு தாய்க்குத் தேவையானதெல்லாம் அடங்குகிற பை கிடைப்பதில்லை என்று பிர்கின் குறைப்பட்டதில் பிறந்தது. அதற்கு முன் அவர் கையில் பிரம்புக்கூடைதான் இருக்கும். கோடிகளை விடுங்கள், எனக்குப் பிடித்த சங்கதி வேறு. அந்தப் பையை அவர் பொத்தி வைக்கவில்லை. ஸ்டிக்கர் ஒட்டினார், நகவெட்டியைத் தொங்கவிட்டார், கண்டதையும் திணித்தார். 1994-இல் எய்ட்ஸ் நோயாளிகளுக்கான நிதிக்காகக் கொடுத்தும்விட்டார்.

கேள்வி: ஒரே ஒரு பைதான் என்றால் என்ன நிறம்?
– செவிலியர், ஈரோடு

பதில்: அடர் பழுப்பு. கறுப்பும் சரி. வெளிர் நிறம் வேண்டாம், ஜீன்ஸின் நீலம் ஏறினால் இறங்காது.

கேள்வி: மழைக்காலத்தில் தோல் பையில் பூஞ்சை பூக்கிறது. தேங்காய் எண்ணெய் தடவலாமா?
– கல்லூரி ஆசிரியை, நாகர்கோவில்

பதில்: தேங்காய் எண்ணெய் தலைக்கு. தோலில் தடவினால் திட்டுத் திட்டாகக் கறுக்கும். பூஞ்சையை வாசலுக்கு வெளியே நின்று உலர்ந்த துணியால் துடையுங்கள், வீட்டுக்குள் தட்டினால் மற்ற பைகளுக்கும் பரவும். பிறகு நிழலில், காற்றோட்டத்தில் ஒரு நாள் வையுங்கள். வெயிலில் காயப்போட்டால் தோல் விறைத்து வெடிக்கும். காய்ந்த பிறகு தோலுக்கென்று விற்கும் கிரீமைக் கொஞ்சமாகத் தடவலாம். எடுத்துவைக்கும்போது பழைய தலையணை உறைதான் உத்தமம். உள்ளே வெள்ளைத்தாளைத் திணியுங்கள், செய்தித்தாளின் மை லைனிங்கில் ஒட்டும். செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா பொட்டலங்களைக் குப்பையில் போடாமல் பைக்குள் போடுங்கள். வீட்டில் குழந்தை இருந்தால் எட்டாத இடத்தில்.

கேள்வி: தோல் வேண்டாம் என்பது எங்கள் வீட்டுக் கொள்கை. எங்களுக்கு வழி?
– வாசகி, கும்பகோணம்

பதில்: தாராளமாக உண்டு. கெட்டி கேன்வாஸ் துணிப்பை, தோய்த்து உலர்த்தி வருஷக்கணக்கில் உழைக்கும். நம் ஊர் ஒயர் கூடையை விடவா? முடிச்சு முடிச்சாகப் போட்டது, காது தனியாக ஒட்டவைத்ததல்ல, உடம்போடு சேர்த்துப் பின்னியது. மேலே சொன்ன காதுப் பரீட்சையில் நூற்றுக்கு நூறு. ஒரே நிறத்தில், கட்டம் இல்லாமல் பின்னச் சொல்லிப் பாருங்கள், எந்தப் புடவைக்கும் எடுப்பாக இருக்கும். ‘வீகன் லெதர்’ என்ற பெயரைப் பார்த்து மட்டும் மயங்காதீர்கள். பெரும்பாலும் அது திருச்சி வாசகியின் புடவையில் உதிர்ந்த அதே பி.யு.தான்.

கேள்வி: அம்மாவின் தோல் பை. ஜிப் போய்விட்டது, லைனிங் கிழிந்துவிட்டது. புதிது வாங்கிவிடவா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: பொறுங்கள். ஜிப் போயிற்று என்றால் பல நேரம் போயிருப்பது ரன்னர் மட்டும். ஓடி ஓடி அதன் வாய் அகன்றுவிடும். பின்னால் பற்கள் சேராமல் பிளந்துகொண்டு வரும். சின்னக் குறடால் ரன்னரின் இரண்டு ஓரத்தையும் மெல்ல, கொஞ்சமே கொஞ்சம் அழுத்திப் பாருங்கள். சரியாகவில்லை என்றால் ரன்னரின் பின்பக்கம் 5 என்றோ 8 என்றோ எண் இருக்கும், அதே எண்ணில் வேறு ரன்னர் போடச் சொல்லுங்கள். உலோக ஜிப் இறுக்கமாக ஓடினால் மெழுகுவர்த்தியைப் பற்களின் மேல் தேய்த்தால் வழுக்கிக்கொண்டு போகும். பற்களே உதிர்ந்திருந்தால்தான் முழு ஜிப்பையும் மாற்ற வேண்டும். பை தைப்பவரிடம் கொடுங்கள். அதற்குக் கூலி கேட்டால் பேரம் பேசாதீர்கள், பழைய தையலைப் பிரித்து அதே துளைகளில் திரும்பத் தைப்பது புதிதாகத் தைப்பதைவிடக் கடினம்.

லைனிங்குக்கு நல்ல பருத்தித் துணியை நீங்களே வாங்கிக் கொடுங்கள், வெளிர் நிறத்தில். உள்ளே சாவி எங்கே, பேனா எங்கே என்று தெரியும். பழைய லைனிங்கைப் பிரிக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். கிழிசல் வழியாக உள்ளே நழுவிய அம்மாவின் சில்லறையெல்லாம் அங்கேதான் இருக்கும்.