கொஞ்சப் பனிக்கு ஏன் பயம்?

கேள்வி: கனடாவில் இருக்கும் மகன், "பனிச்சரிவு எச்சரிக்கை, மலைக்குப் போகல்ல உம்மா" என்கிறான். பனி இப்பதான் விழத் தொடங்கியிருக்காம். கொஞ்சப் பனிக்கு இவ்வளவு பயமா?
– ஒரு தாய், சாய்ந்தமருது

பதில்: மலைக்குப் போகாததோடு, அதை உம்மாவிடம் சொல்லவும் செய்கிறாரே, கொடுத்துவைத்தவர் நீங்கள்! கொஞ்சப் பனிதான் வில்லங்கம். அடியில் தரையின் சூடு, மேலே கடுங்குளிர். இந்த இழுபறியில் முதல் பனி ஒட்டாத சீனி மாதிரி உதிர்ந்து கிடக்கும். அதன் தலையில் அடுத்த பெரும்பனி ஏறினால், 30 முதல் 45 பாகைச் சரிவில் ஒரு ஆள் மிதித்தாலே மேற்பனி பலகையாகப் பெயர்ந்து வரும்.

உங்கள் சாய்ந்தமருதுக்கு அந்தக் கவலையில்லை. சரிய மலை வேண்டுமே! ஆனால் பதுளைப் பக்கம் மண் சரியும். கொஸ்லந்தை மீரியபெத்தவில் லயன் வீடுகள் புதைந்தது 2014 ஒக்டோபர் 29இல், மாரி தொடங்கும் நேரம். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை தாண்டினால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள் எச்சரிக்கை விடும். 150 தாண்டினால் சிவப்பு: வெளியேறத்தான் வேண்டும். அந்தப் பக்கம் போவது கல்யாணப் பயணமே ஆனாலும் வேனைத் திருப்பச் சொல்லுங்கள். புரியாணியை எங்கேயும் சாப்பிடலாம்.