ஃபிரிட்ஜ் உண்டு, எஞ்சினும் உண்டு

குளச்சலில் கடலுக்குச் சும்மா போகிற வழக்கம் கிடையாது. வலை இருந்தால் போவார்கள், தூண்டில் இருந்தால் போவார்கள், பக்கத்து வள்ளம் திரும்பி வராவிட்டால் தேடிப் போவார்கள். காற்று வாங்க வேண்டுமென்றால் கடப்புறத்து மணலிலேயே உட்கார்ந்து வாங்கிக்கொள்ளலாம், அதற்கு டீசல் தேவையில்லை. காசு கொடுத்துக் கடலைப் பார்க்கிறவர்களுக்குக் கன்னியாகுமரி இருக்கிறது. பூம்புகார் கப்பல் கழகத்தின் பொதிகையிலோ குகனிலோ ஏறி, விவேகானந்தர் பாறையில் இறங்கி, படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிடலாம். அந்தப் படகுக்கு என்ன எஞ்சின், அதற்கு என்ன வயது என்று வரிசையில் நிற்கிற ஒருவரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

இப்படிப்பட்ட ஊரில் பிறந்த என் அக்கா மகனுக்கு உல்லாசப் படகு வாங்கும் யோகம் வந்தது. துபாயில் கணக்கு எழுதுகிறவன். ஆபீஸ் ஜன்னலுக்குக் கீழேயே மரீனாவாம், வெள்ளை வெள்ளையாகப் படகுகள் நிற்குமாம். நாள் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் கணக்கு எப்படி உருப்படும் என்று நான் கேட்கவில்லை. லீவில் வந்தவன், கொச்சிப் பக்கம் காயலோரம் ஒரு பழைய மோட்டார் குரூசர் விலைக்கு வந்திருக்கிறது என்று என் முகத்துக்கு நேரே போனை நீட்டினான்.

விற்கிறவர் போட்டிருந்த பட்டியலை முழுசாகப் படித்தேன். ஃபிரிட்ஜ் உண்டு. இரட்டைக் கட்டில் உண்டு. மைக்ரோவேவ், டிவி, தோல் சோபா, ஷவரில் வெந்நீர், கப் வைப்பதற்கு ஆங்காங்கே குழிகள். எல்லாம் சொல்லி முடித்து, விடைபெறும்போது ஞாபகம் வந்தவர்போல ஒரு வரி: இரண்டு டீசல் எஞ்சின், நல்ல கண்டிஷன்.

"மாமா, ஷவர்ல வெந்நீர் வரும், பாத்தீங்களா?"

"பாத்தேன் மக்களே. கரைக்குப் படகு திரும்பி வருமான்னு போடலியே."

பழைய சரக்கு வாங்குவதில் இந்த ஊருக்கு ஒரு பேர் உண்டு. 1741 ஆகஸ்ட் 10-ஆம் தேதி திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்டவர்மா இங்கே டச்சுக்காரர்களைத் தோற்கடித்தார். அப்போது கைக்குக் கிடைத்த டச்சு அதிகாரிதான் டிலனாய். டச்சுக் கம்பெனி நன்றாக உபயோகித்த ஆள், வாரண்டி கிடையாது. ராஜா அவரைச் சிறையில் போட்டுத் துருப்பிடிக்க விடவில்லை. படைக்குப் பயிற்சி கொடுக்க வைத்தார், உதயகிரிக் கோட்டையில் பீரங்கி வார்க்க வைத்தார். வலிய கப்பித்தான் என்று பேரெடுத்து, 1777-இல் சாகும்வரை அந்த மனிதர் திருவிதாங்கூருக்கு உழைத்தார். முப்பத்தாறு வருஷ ஓட்டம்! குளச்சல் கரையில் நடந்த செகண்ட்ஹேண்ட் வியாபாரங்களில் இதற்கு மேல் ஒன்றை நான் கேள்விப்பட்டதில்லை. டச்சுக் கப்பலில் சோபா இருந்ததா என்று ராஜா விசாரித்ததாகத் தகவல் இல்லை.

மருமகனை மெக்கானிக் அண்ணனின் கொட்டகைக்குக் கூட்டிப்போனேன். வெள்ளம் நிறைத்த டிரம்மில் காலை விட்டுக்கொண்டு அவுட்போர்டு எஞ்சின்கள் நிற்கும் இடம் அது. பூவேலைக்கும் பொறுமைக்கும் அங்கே இடமில்லை. அண்ணன் போனை வாங்கினார். சோபா வந்தது, கட்டை விரலால் தள்ளினார். கட்டில், தள்ளினார். எஞ்சின் அறைப் படம் ஒன்றே ஒன்று இருந்தது. பளபளவென்று பச்சைப் பெயிண்டு.

"பெயிண்டு புதுசாக்கும்" என்றார். "அதுக்கு அடியில என்ன இருக்குன்னு போனுல தெரியாது."

"அண்ணே, ஓட்டமே இல்லையாம். வருஷத்துக்கு நாலஞ்சு ஞாயிறு தான் வெளியே எடுப்பாராம்."

"மிச்ச நாளு?"

"சும்மா கட்டிப் போட்டிருந்ததாம்."

"அப்போ துரு ஓடியிருக்கும்."

அண்ணனின் சித்தாந்தம் இது. மனிதன் வேலை செய்து கெடுகிறான், படகு எஞ்சின் வேலையில்லாமல் கெடுகிறது. உப்பு வெள்ளம் சுற்றி வந்த குழாய்களில் உப்பு தங்கிவிடுகிறது. பம்புக்குள் இருக்கும் ரப்பர் இறக்கைகள் வளைந்த மேனிக்கே விறைத்துப்போகின்றன. டாங்கின் காலி இடத்தில் வியர்த்து ஊறும் தண்ணீர் டீசலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ள, அதில் பாசிபோல ஏதோ வளர்ந்து ஃபில்ட்டரை அடைக்கிறது. தினம் விடியலில் கடலுக்குப் போய்வந்து, கரையேறியதும் நல்ல தண்ணீரில் குளிக்கிற எஞ்சினுக்கு இந்தச் சீக்கெல்லாம் அண்டுவதில்லை.

இருந்தாலும் ஒரு தடவை நேரில் பார்த்துவிடலாம் என்று மூவருமாகக் கிளம்பினோம்.

விற்கிறவர் நல்ல மனிதர். சாயாவும் பழம்பொரியும் வாங்கி வைத்துவிட்டு, மலையாளத்தில் தேனாகப் பேசினார். மருமகன் நேரே கேபினுக்குள் போய்ச் சோபாவில் அமர்ந்து, அங்கிருந்தே உலகத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டான். அண்ணன் சாயாவைத் தொடவில்லை. எஞ்சின் மூடியைத் திறக்கச் சொல்லி, சிலிண்டர் தலையில் உள்ளங்கையை வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை.

"காலைல ஓட்டினீங்களா?"

"ஏய், இல்லா. வெயிலில்லே, அதான் சூடு."

மூடிக்கு அடியில், கூரைக்கு அடியில், காலை ஒன்பது மணிக்கு அடித்த அந்த வெயிலை நினைத்து அண்ணன் புன்னகைத்தார். சூடாக இருக்கும் டீசல் எஞ்சினை எவனும் கிளப்பிவிடுவான். குளிர்ந்து கிடக்கும்போது அது முதல் திருகலில் எழுகிறதா, புகை என்ன நிறம் என்பதில்தான் ஜாதகம் முழுக்க இருக்கிறது. கறுப்பு என்றால் எரிக்க முடியாத அளவுக்கு எண்ணெய் போகிறது. நீலம் என்றால் எஞ்சின் ஆயிலையே குடிக்கிறது. வெள்ளை வந்து நிற்காமல் போனால் உள்ளே வெள்ளம் புகுந்திருக்கலாம், அல்லது டீசல் எரியாமலே வெளியே வருகிறது. ஆறவைத்துக் கிளப்பலாம் என்று சொல்லி, அந்த இடைவேளையில் அண்ணன் படகின் பின்பக்கம் குனிந்தார். எஞ்சின் உள்ளே இருந்தாலும், புரொப்பல்லரைச் சுமக்கிற கால் வெளியே தொங்குகிற ஜாதி அது. அந்தக் காலின் கியர் ஆயில் திருகை அரைச்சுற்று தளர்த்தி, அடியில் விரலைக் காட்டினார். கெட்டியாய், தெளிவாய் வரவேண்டிய ஆயில் பால் கலந்த நிறத்தில் மெதுவாக ஒழுகியது. சீல் போய் வெள்ளம் ஏறியிருக்கிறது.

"சாயா இங்கேயும் இருக்கு" என்று விரலை எங்களிடம் நீட்டினார்.

அந்தக் கால் படகைத் துளைத்து வெளியேறும் இடத்தைச் சுற்றி ஒரு ரப்பர் உறை உண்டு. மடிப்பு மடிப்பாய், ஆர்மோனியத் துருத்தி மாதிரி. மடிப்புக்குள் நகத்தை விட்டு விரித்தார், கீறல் கீறலாய் வெடித்திருந்தது. அது கிழிந்தால் படகு ஓடவே வேண்டாம், கட்டிய இடத்திலேயே முழுகும். புது உறை சிங்கப்பூரிலிருந்து வரவழைக்கலாம் என்று விற்கிறவர் உற்சாகமாகச் சொன்னார்.

"எஞ்சினு ரெண்டு இருக்குல்லா அண்ணே" என்று கேபினுக்குள்ளிருந்து குரல் வந்தது. "ஒண்ணு நின்னாலும் மத்தது இழுத்துட்டு வந்துரும்."

"டாங்கு எத்தனை?"

"ஒண்ணு தான்."

"அப்போ எஞ்சினும் ஒண்ணுதான் மக்களே. அழுக்கு டீசல் ரெண்டையும் ஒரே நேரத்துல நிறுத்தும்."

இன்னொரு விஷயம், தாள். அது காயலில் ஓடுவதற்குப் பதிவான படகு. காயல் தாளைக் காட்டிக் கடலில் இறங்க முடியாது. இதை விற்கிறவர் பழம்பொரியின் கடைசித் துண்டோடு சேர்த்து மெல்லச் சொன்னார்.

திரும்பும் வழியில் மருமகன் வாடிப்போயிருந்தான். இரண்டு காலையும் சரிபண்ணிவிட்டால் என்ன என்று பாறசாலை வரை கேட்டுக்கொண்டே வந்தான். அதன் பிறகுதான் அண்ணன் நிஜமான கேள்வியைக் கேட்டார். அதைக் குளச்சலில் எங்கே கட்டுவாய்? ஆனி ஆடியில் இங்கே அலை அடிக்கிற அடி வேறு. மரீனா கிடையாது. வள்ளம் என்றால் நாலு பேர் பிடித்து மணலில் ஏற்றிவிடலாம். டன் கணக்கில் கனக்கிற குரூசரை யார் ஏற்றுவது?

இந்த மணல்தான் நம் கரையில் எஞ்சினைத் தேர்ந்தெடுத்தது என்று நான் சொல்வேன். எழுபதுகளில் பெல்ஜியப் பாதிரியார் ஜேம்ஸ் தோம்பரின் முயற்சியில் இந்த மாவட்டத்தில் மீனவர் சங்கங்கள் எழுந்தன. பக்கத்து முட்டத்தில் பிளைவுட் படகு கட்டினார்கள். அதில் உழைத்த பொறியாளர் பியேர் கில்லேயும் பெல்ஜியக்காரர். அலையை உடைத்துக்கொண்டு போகவும் வேண்டும், திரும்பி வந்து மணலில் ஏறவும் வேண்டும். கட்டுமரம் இரண்டையும் செய்தது. படகுக்கு வயிற்றுக்கு அடியில் தண்டும் புரொப்பல்லரும் சுக்கானும் வைத்தால், முதலில் கரையேறுவது அவைதான், உடைந்துபோய். கில்லே 1985-இல் தன் அனுபவத்தைப் புத்தகமாக எழுதி, 'சிறியது கடினம்' என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்பு வைத்தார். தலைப்பிலேயே பெருமூச்சு கேட்கிறது. கடைசியில் வென்றது வெளியே மாட்டுகிற எஞ்சின். கரை நெருங்கும்போது காலைத் தூக்கிக்கொள்ளும் எஞ்சின் அதுதானே. 1980-இல் திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய மீனவர் சங்கக் கூட்டமைப்பான சிஃப்ஸ், அதற்கு உதிரிபாகமும் ஒர்க்‌ஷாப்பும் கிடைக்க வழி செய்தது.

அவுட்போர்டின் பிறப்பே ஐஸ்கிரீமால் வந்தது என்று ஒரு கதை உண்டு. நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஓலே எவின்ரூட், காதலிக்கு ஐஸ்கிரீம் வாங்க ஏரியின் அக்கரைக்குத் துடுப்பு வலித்துப் போனார். திரும்பி வருவதற்குள் உருகிவிட்டது. அந்தக் கடுப்பில் பிறந்த எஞ்சின் 1909-இல் விற்பனைக்கு வந்ததாம். நம்மூரில் அதே எஞ்சின் ஐஸ் கட்டியைச் சுமந்துகொண்டு போகிறது. காதலி கரையில் மீன் விலை பேசிக்கொண்டிருக்கிறாள்.

குரூசரை மறந்து வள்ளமே வாங்கலாம் என்று முடிவான பிறகு, குதிரைச்சக்தி விஷயத்திலும் மருமகனுக்குப் பெரிய மனசு. நாற்பது போடலாமே, அறுபது போடலாமே என்றான். தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகிற படகின் வேகத்துக்கு அதன் நீளமே கடிவாளம். நீர்மட்டத்தில் 25 அடி உள்ள படகு மணிக்கு ஏழு கடல் மைலை எட்டுவதற்குள், தானே எழுப்பிய அலையில் மாட்டிக்கொள்ளும். அதைத் தாண்டி வழுக்கி ஓட வேண்டுமானால் உடம்பு லேசாக இருக்க வேண்டும். ஐஸ், வலை, ஆள், மீன் எல்லாம் ஏற்றிய வள்ளத்தில் கூடுதல் குதிரைகள் எண்ணெய் குடித்துக்கொண்டு நிற்கும். பெரிய விசைப்படகுக்காரர்கள் லேலண்டு எஞ்சின் பூட்டுகிறார்கள் என்றால் வேகத்துக்காக அல்ல. லாரிக்குப் பிறந்து கடலுக்கு வாக்கப்பட்ட எஞ்சின் அது, நாகர்கோவிலில் பார்ட்ஸ் கிடைக்கும், கண்ணைக் கட்டிவிட்டாலும் பிரித்து மாட்டுகிற ஆள் ஊருக்கு நாலு பேர் உண்டு.

வள்ளத்துக்கு என்னென்ன சாமான் வேண்டும் என்ற பேச்சில் மட்டும் அண்ணன் சிரிக்கவில்லை. 2017 நவம்பர் 30-க்குப் பிறகு இந்தக் கரையில் அதைப்பற்றி யாரும் சிரித்துப் பேசுவதில்லை. ஒக்கி புயல் அடித்தபோது அரபிக்கடலின் ஆழத்தில் இருந்தவர்களைக் கரையின் ஒயர்லெஸ் எட்டவே இல்லை. வி.எச்.எஃப். அலை நேர்கோட்டில் போவது. கண் எட்டுகிற தொலைவுக்குக் கொஞ்சம் அப்பால் போனதும் பூமியின் வளைவு அதை மறைத்துவிடும். ஆகவே டிவிக்கு வைத்திருந்த பணத்தில் நல்ல பேட்டரி, ஒயர்லெஸ், ஜி.பி.எஸ்., ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் என்று அவரே எழுதிக் கொடுத்தார். எதிர்த்துப் பேச யாருக்கும் வாய் வரவில்லை.

ஒருவழியாகப் பக்கத்து ஊரில் ஒரு பழைய ஃபைபர் வள்ளம் பார்த்தோம், மண்ணெண்ணெயில் ஓடும் அவுட்போர்டோடு. எஞ்சின் மூடியில் சாயம் போய்விட்டது, கம்பெனிப் பேரில் இரண்டு எழுத்துதான் மிச்சம். மருமகன் முகம் சுளித்தான். அண்ணன் எஞ்சின் மாட்டுகிற பின்பலகையை முழுக்க விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனார். ஃபைபருக்குள் பொதிந்த பலகை உளுத்திருந்தால் சத்தம் மந்தமாக வரும். இது டணடண என்றது. உரிமையாளர் பெட்ரோலில் கயிறு இழுத்துக் கிளப்பினார், சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார். பக்கவாட்டில் வெள்ளம் ஒரே சீராகத் துப்பியது.

"எத்தனை மணி நேரம் ஓடினது?" என்று கேட்டான் துபாய்க் கணக்கன்.

"ஓடாத நாளைச் சொல்லட்டா? ஞாயித்துக்கிழமை, கோயில் திருவிழா, எங்கம்மை செத்த அன்னைக்கு."

பேசிக்கொண்டே அவர் எஞ்சினை நிறுத்தப் போனார். நிறுத்துமுன், யாரும் சொல்லாமலே, கை தானாகப் போய் மறுபடி பெட்ரோலுக்குத் திருப்பிச் சற்று ஓடவிட்டது. கார்புரேட்டரில் மண்ணெண்ணெய் தங்காமல் இருக்க. அண்ணன் என் விலாவில் இடித்தார். பிளக்கைக் கழற்றிப் பார்க்கவில்லை, கியர் ஆயிலைத் திறந்து பார்க்கவில்லை, விலை பேச உட்கார்ந்துவிட்டார்.

முதல் சவாரிக்கு மருமகன் பெண்டாட்டி பிள்ளைகளோடு ஏறினான். எல்லோர் கழுத்திலும் ஆரஞ்சு ஜாக்கெட். ஓட்டுவதற்கு ஊர்க்காரர்கள் இருவர். அலை தாண்டி, பிள்ளைகள் கைதட்டி, செல்ஃபி எடுக்கிற நேரத்தில் வள்ளத்துக்குப் பக்கத்திலேயே கடல் கறுத்துத் துள்ளியது. நெத்திலிக் கூட்டம். ஓட்டுகிறவர்கள் இரண்டு பேரும் எழுந்து நின்று பார்த்தார்கள். வலை இல்லை.

"லேய், இவ்வளவு நெத்திலியை விட்டுட்டு படமாடே எடுக்கிய?" என்று பெரியவர் போட்ட சத்தத்தில் கைக்குழந்தை அழுதுவிட்டது. கரைவரைக்கும் அவர் ஒரு வார்த்தை பேசவில்லையாம். மறுநாள் விடியலில் வள்ளம் போனது. வலை ஏறியபின் குடும்பத்துக்கு இடமில்லை.