ஊதுகுழல் கருத்துரு

இரவு 10 மணி 10 நிமிடம். டாஸ்மாக் ஷட்டர் இறங்கிப் பத்து நிமிடம்தான் ஆகிறது. கடையிலிருந்து கூப்பிடு தூரத்தில், மேம்பாலம் இறங்கும் இடத்தில், இரண்டு பேரிகார்டைக் குறுக்கே இழுத்துப் போட்டுக்கொண்டு ஓர் எஸ்.ஐ.யும் இரண்டு காவலர்களும் நிற்கிறார்கள். பைக்கில் வந்த ஒருவரை ஓரங்கட்டினார்கள்.

"ஊதுங்க."

ஊதினார்.

"பலூன் ஊதுற மாதிரி ஊதுங்க சார். நான் போதும்னு சொல்ற வரைக்கும்."

மறுபடி ஊதினார். மெஷின் கீச்சிட்டது. அடுத்த ஆள் வந்து நின்றபோது காவலர் பையைத் துழாவினார், உதறினார், கவிழ்த்துப் பார்த்தார். குழல் தீர்ந்துவிட்டது. ஆளுக்கொரு பிளாஸ்டிக் குழல் மாற்ற வேண்டும் என்பது விதி. எஸ்.ஐ. தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "கிட்ட வாய்யா, என் மூஞ்சில ஊது" என்றார்.

தமிழ்நாட்டின் சாலைப் பாதுகாப்பு அன்றிரவு ஒரு மனிதரின் மூக்கில் நின்றது.

குழல் கேட்டு எழுதவில்லையா என்றேன். "கருத்துரு போயிருக்கு சார்" என்றார். மகனுக்குப் பெண் பார்த்திருக்கிறோம் என்கிற மாதிரியான குரல்.

கருத்துரு என்றால் என்னவென்று அரசு அலுவலகத்தில் கால் வைக்காதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். காசு வேண்டும் என்பதை நான்கு பக்கத்தில் சொல்வது. பொருள் உண்டு, பார்வை உண்டு, மூன்று ஆண்டு விபத்துப் பட்டியல் உண்டு, சென்ற முறை கொடுத்ததை என்ன செய்தாய் என்பதற்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் உண்டு. இத்தனையும் இணைத்து அனுப்பினால், இணைப்பு தெளிவாக இல்லை என்று திரும்பி வரும். தெளிவாக இருந்தால், காரணம் போதுமானதாக இல்லை என்று வரும்.

காரணம் எப்படிப் போதும்? போலீஸ் ஏட்டின்படி நம் ஊரில் அநேகமாக எவனும் குடித்துவிட்டுச் சாவதில்லையே! "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்" ஓட்டித்தான் சாகிறான். முதல் தகவல் அறிக்கையில் இந்த இரண்டு சொற்களும் ஒட்டிப் பிறந்த பிள்ளைகள். குடித்திருந்தான் என்று எழுதினால் இன்சூரன்ஸ் பணம் வராதே என்று செத்தவன் பெண்டாட்டி ஸ்டேஷன் வாசலில் அழுவாள். எழுதுகிறவருக்கும் பெண்டு பிள்ளைகள் உண்டு. அந்த இரக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஊர் ஊராக எழுதிய இரக்கமெல்லாம் டில்லிக்குப் போய், மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஆண்டறிக்கையில் வேறு முகத்தோடு வந்து உட்காருகிறது. பத்துச் சாவில் சுமார் ஏழு அதிவேகத்தின் தலையில். குடியின் பங்கு நூற்றுக்கு இரண்டோ மூன்றோ. இல்லாத நோய்க்கு எதற்கு மருந்து என்று கோப்பை மூடிவிட இது போதாதா?

2023-ல் தமிழ்நாட்டில் 67,213 சாலை விபத்துகள். இந்தியாவிலேயே முதலிடம். முதலீட்டில் முதலிடம், ஏற்றுமதியில் முதலிடம் என்று அச்சடிக்கும் போஸ்டரில் மட்டும் இந்த முதலிடத்துக்கு இடமில்லை. செத்தவர்கள் 18,347 பேர். நாளைக்கு ஐம்பது. ஒரு டவுன் பஸ் நிறைய உட்கார வைத்துத் தினமும் சுடுகாட்டுக்கு அனுப்புகிறோம். இதில் எத்தனை பேர் வாயில் வாடை அடித்தது என்று முகர்ந்து பார்க்க அந்த எஸ்.ஐ.யின் மூக்கு எல்லா இடத்திலும் இருக்க முடியாது.

இனி காசுக்கு வருவோம். 1983-ல் டாஸ்மாக்கை மொத்த வியாபாரமாகத் தொடங்கி, 2003 நவம்பரில் சில்லறைக் கடையையும் தன் கையில் எடுத்துக்கொண்ட அரசு, 2024-25-ல் சாராயத்தால் பார்த்த வரி வருவாய் 48,344 கோடி ரூபாய். கடை பகல் 12-க்குத் திறந்து இரவு 10-க்கு மூடுகிறது. நான் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன்: கடை திறந்திருக்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் சுமார் 22 லட்சம். அந்த உதவி ஆய்வாளரின் நான்கு பக்கக் கருத்துருவை ஓர் அதிகாரி படித்து முடிப்பதற்குள் கஜானாவில் ஒரு கோடி விழுந்திருக்கும். படித்தால்.

இப்படிப்பட்ட வீட்டுக்காரர் சாலைப் பாதுகாப்புக்கு யாரிடம் போய் நின்றார் தெரியுமா? உலக வங்கியிடம். தனியாக இல்லை, துணையோடுதான். 2022-ல் தமிழ்நாடு உட்பட ஏழு மாநிலங்களின் சாலைப் பாதுகாப்புக்காக 25 கோடி டாலர் கடன் ஒப்புதலானது. அன்றைய மதிப்பில் இரண்டாயிரம் கோடி ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. ஏழு மாநிலத்துக்கும் சேர்த்து, பல ஆண்டுகளுக்கு. நம் கடைகளில் அது பதினைந்து நாள் வரவு. பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுவது பழைய கதை. இப்போது தொட்டில் கயிற்றுக்கே வாஷிங்டனில் கடன்.

கடையாவது சாலையை விட்டுத் தள்ளி இருக்கட்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் சொன்னது. நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டர். அந்த வழக்கின் பெயரே 'தமிழ்நாடு அரசு எதிர் கே. பாலு'. எதிரே யார் நின்றது என்று பெயரிலேயே இருக்கிறது. மூவாயிரத்துக்கு மேற்பட்ட கடைகள் இடம்பெயர வேண்டி வந்தது. சில மாநிலங்கள் புத்திசாலித்தனமாகக் கடையை நகர்த்தாமல் சாலையை நகர்த்தின. நேற்று வரை நெடுஞ்சாலையாக இருந்தது காலையில் ஊர்ச்சாலையாக எழுந்தது. நம்மூரில் கடைகள் குடியிருப்புக்குள் புகுந்தன. பெண்கள் மறித்தார்கள். 2017 ஏப்ரலில் திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் அப்படி மறித்த ஒரு பெண்ணின் கன்னத்தில் ஒரு போலீஸ் அதிகாரியின் கை விழுந்ததை நாடே டி.வி.யில் பார்த்தது. அந்தக் கைக்கு எந்தக் கருத்துருவும் தேவைப்படவில்லை. 2020 மே 7-ஆம் தேதி, ஊரடங்குக்கு நடுவே கடை திறந்தபோது, வரிசைக்குத் தடுப்பு கட்டி, ஆளுக்கு ஆறடி இடைவெளி அளந்து காவல் நின்றதும் இதே காக்கிதான். அதற்கு மட்டும் ஆளும் இருந்தது, சவுக்குக் கட்டையும் இருந்தது, கயிறும் இருந்தது.

100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டினால் முதல் தடவை 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். கட்டட்டும், நான் வக்காலத்து வாங்கவில்லை. எதிரே வருகிறவன் என்ன பாவம் செய்தான்? 2022-ல் சென்னை போக்குவரத்துப் போலீஸ் ஒரு படி மேலே போய், குடித்தவன் ஓட்டும் வண்டியில் பின்னால் உட்கார்ந்தவருக்கும் அபராதம் என்றது. தெரிந்தே ஏறினாயே என்பது நியாயம். ஓட்டியவன் கட்டுகிறான், உட்கார்ந்தவன் கட்டுகிறான். பைக் சாவியைக் கவுன்ட்டரில் வைத்துவிட்டுப் பணத்தை எண்ணுகிறவனுக்குக் கம்பி வழியாகக் குவார்ட்டரை நீட்டியவர் கட்ட வேண்டாம். ஏனென்றால் அபராதத்தை வாங்கிக்கொள்கிறவரும் அவரே. பாட்டில் லேபிளில் மது அருந்தி வாகனம் ஓட்டாதே என்று அச்சடித்திருக்கிறதாம். பார் வாசலில் ஐம்பது பைக் நிற்கிறது. எல்லாம் தள்ளிக்கொண்டு வந்தவை போலும்.

காலி பாட்டிலுக்கு இருக்கும் யோகம் குடித்தவனுக்கு இல்லை. நீலகிரியில் 2022-ல் தொடங்கிய திட்டப்படி, பாட்டிலுக்குப் 10 ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலியைக் கொண்டுவந்தால் திருப்பித் தருகிறார்கள். காட்டில் யானையின் காலைக் கிழிக்கக் கூடாது என்பதற்காக. நல்ல காரியம். பாட்டில் திரும்பி வந்ததா என்று கேட்க அரசிடம் ஒரு முறை இருக்கிறது. ஆள் வீடு திரும்பினானா?

பதினொன்றரைக்கு எஸ்.ஐ. கடையைக் கட்டினார். ஏழு பேர், மூன்று வண்டி. மூக்கைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார். பேரிகார்டை ஓரமாகத் தள்ள நானும் ஒரு கை கொடுத்தேன். 'குடித்துவிட்டு வாகனம் ஓட்டாதீர்' என்று சிவப்பில் எழுதியிருந்தது. அடியில் 'உபயம்' என்று தொடங்கிய வரி பாதி உரிந்திருந்தது. நம்மூர் பேரிகார்டெல்லாம் நகைக்கடை, ஜவுளிக்கடை தயவில்தானே நிற்கிறது. இது எந்தக் கடை என்று கேட்டேன்.

கடைப் பக்கம் கையைக் காட்டினார். "பார் எடுத்திருக்கிறவரு சார். கேட்டதும் ரெண்டு வாங்கிக் கொடுத்தாரு. நல்ல மனுஷன். குழலும் அவர்கிட்டயே கேட்டுடலாமான்னு பார்க்கிறேன்."