பதிமூன்றாம் நம்பர் கம்பி

ஸ்டீவி ரே வான் என்ற டெக்சாஸ்காரர் தன் எலெக்ட்ரிக் கிதாரில் பதிமூன்றாம் நம்பர் கம்பி போட்டிருந்தார் என்று படித்த அன்றே எனக்குச் சனி பிடித்தது. பதிமூன்று என்றால் முதல் கம்பியின் கனம் அங்குலத்தில் ஆயிரத்தில் 13 பங்கு. என்னிடம் இருந்தது ஒன்பது. "என் வாசிப்பு ஏன் கொசு பாடுவது போலிருக்கிறது என்று இப்போதுதான் தெரிந்தது" என்றேன் மனைவியிடம். "அது கம்பியால இல்ல" என்றாள். அவளுக்கு இயற்பியல் தெரியாது.

எனக்குத் தெரியும். காந்தத்தின் மேல் முடி போன்ற செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று சுற்றினால் அதுதான் பிக்கப். அதற்கு மேலே எஃகுக் கம்பி அதிர்ந்தால் காந்தப்புலம் அசையும், சுருளில் மின்சாரம் பிறக்கும். ஃபாரடே 1831-லேயே காட்டிவிட்டார். எஃகு கூடினால் மின்சாரம் கூடும். உடனே கடைக்கு ஓடினேன்.

ஓடும் அவசரத்தில் ஒன்றை மறந்தேன்: கம்பி அதிர வேண்டுமே! அதே சுருதிக்கு ஏற்றினால் இழுவிசை, கனத்தின் வர்க்கமாக ஏறும். ஆறு கிலோ இழுவையில் சாதுவாக இருந்த முதல் கம்பி இப்போது பன்னிரண்டு கிலோவுக்கு மேல். ஆறு கம்பிகளையும் முறுக்கி முடிப்பதற்குள், அவற்றைத் தாங்கும் பிரிட்ஜ் முதலைபோல வாயைப் பிளந்து எழுந்துகொண்டது. பின்பக்க ஸ்பிரிங்குகளை இறுக்கி அதை அமர்த்தவே ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.

பிறகு மீட்டினேன். அதே கொசு. எஃகு இரண்டு மடங்குதான். ஆனால் இழுவையும் இரண்டு மடங்கானதால் என் பழைய பலத்துக்குக் கம்பி பாதிதான் ஆடியது. கூட்டிக் கழித்தால் வரவும் செலவும் சரி. தடிக் கம்பி விறைப்பானது, அதனால் உச்ச ஓசைகள் மங்கிக் கொசு சற்றே கனத்த குரலில் பாடியது, அவ்வளவுதான். கம்பியை வளைத்து இழுத்து வாசித்ததில் நான்காம் நாள் விரல் நுனி கிழிந்தது.

அப்புறம்தான் மிச்சத்தையும் படித்தேன். வான் அரைச் சுருதி இறக்கி வைத்திருந்தாராம். தவில்காரர் விரலில் கூடு மாட்டிக்கொள்வதுபோல இவர் கிழிந்த விரலில் சூப்பர் குளூ தடவிக்கொள்வாராம். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தக் கை! அது எந்தக் கடையிலும் கிடைக்காது. அதே டெக்சாஸில் பில்லி கிப்பன்ஸ் என்ற இன்னொரு கிதார்காரர் வெறும் ஏழாம் நம்பர் கம்பியில் சுவரை அதிரவைக்கிறார். ப்ளூஸ் கிதார் மேதை பி.பி. கிங் சொல்லித்தான் மெல்லிய கம்பிக்கு மாறினாராம். எனக்கு அப்படிச் சொல்ல மனைவி இருந்தாள், கேட்கவில்லை.

சத்தம்தான் வேண்டுமென்றால் பிக்கப்பின் இரு பக்கத்து ஸ்குரூக்களையும் திருப்பி அதைக் கம்பிக்குக் கொஞ்சம் அருகே கொண்டுவந்தால் போதும். இரண்டு நிமிட வேலை. பேராசையில் ஒட்டிவிடக் கூடாது; காந்தம் கம்பியைப் பிடித்து இழுத்து சுருதியைக் கெடுக்கும். அதையும் செய்து பார்த்துவிட்டேன்.

கிதாரில் மறுபடி ஒன்பதாம் நம்பர்தான். பதிமூன்று செட்டின் ஆறாவது கம்பியில் தாத்தாவின் படம் ஹாலில் தொங்குகிறது. மூன்று வருடமாக இம்மிகூட இறங்கவில்லை.